சுந்தரம் அங்கிளின் கம்ப்யூட்டரும் என் வேலைவேட்டையும்

வேலையில்லாதவனிடம் யார் எதைக் கேட்டாலும் "முடியும்" என்றுதான் சொல்வான். 2001இல் கலிபோர்னியாவின் மில்பிடாஸில் நான் அப்படித்தான் இருந்தேன். லேஆஃப் ஆகி, விசாவும் கையைவிட்டுப் போகும் நிலை. (மனைவி கல்பனா அப்போதே பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். என் மேல் அவ்வளவு நம்பிக்கை!)

பக்கத்து வீட்டு சுந்தரம் அங்கிள் பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்ப்பவர். எழுபதுகளில் கம்ப்யூட்டர் வளர்ந்த கதையை டிவி நாடகமாக எடுத்தவர்கள் அவருடைய செல்ல மெஷினை இரவல் கேட்டார்கள். அவருக்கோ முதுகுப் பிடிப்பு.

"நீ எடுத்துட்டுப் போப்பா. சும்மா ஷோவுக்குத்தான், ஆன் பண்ணிடாத. உள்ள எல்லாம் கிழடு தட்டிப் போச்சு" என்றார்.

நான் போனதற்குக் காரணம் வேறு. அந்த நாடகத்தின் தொழில்நுட்ப ஆலோசகர், அப்போதும் ஆள் எடுத்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனியில் மேனேஜர். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ரெஸ்யூமே என்று கிளம்பினேன்.

ஒரு கராஜுக்குள் செட். விக் வைத்த நடிகர் மெஷின் முன் உட்கார்ந்திருந்தார். கேமரா ஓடத் தொடங்குமுன், "இது நிஜமாவே ஓடுமா?" என்று டைரக்டர் கேட்டார். ஆலோசகர் என்னைப் பார்த்தார். நானோ சாஃப்ட்வேர் ஆள். எந்தக் கம்ப்யூட்டரின் மூடியையும் திறந்ததில்லை.

"ஷ்யூர்" என்றேன்.

கேமரா ஓடத் தொடங்கியதும், அதன் கண்ணில் படாமல் மேஜைக்கு அடியில் புகுந்து சுவிட்சைப் போட்டேன். திரையில் பச்சை எழுத்துகள்! ஆலோசகர் புன்னகைத்தார். நான் மனதுக்குள் கிரீன் கார்டே வாங்கிவிட்டேன். அடுத்த நொடி 'டப்'பென்று ஒரு சத்தம். குப்பென்று வெள்ளைப் புகை. "ஐயோ அம்மா!" என்று அலறி எழுந்ததில் மேஜை மண்டையைப் பதம் பார்த்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள், ஆலோசகர் முதல் ஆளாக. நான் ரெஸ்யூமேயால் புகையை விசிறிக்கொண்டிருந்தேன்.

மெஷினைத் திருப்பிக் கொடுத்தபோது அங்கிள் திட்டவில்லை.

"எழுத்து வந்துச்சா?"

"வந்துச்சு அங்கிள்."

"எனக்கு இத்தன வருஷமா ஆன் பண்ணவே தைரியம் வரல" என்று கதவைச் சாத்திக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

விசா போவதற்குள் எப்படியோ பக்கத்து ஊரான டப்ளினில் வேறு வேலை கிடைத்தது. நாடகமும் டிவியில் வந்தது. அந்தப் புகை டைரக்டருக்குப் பிடித்துப்போனதாம். காட்சியை அப்படியே விட்டுவிட்டார். எழுபதுகளின் அமெரிக்கக் கராஜில், மேஜைக்கு அடியிலிருந்து துல்லியமாக ஒரு "ஐயோ அம்மா!" கல்பனா அதை டேப்பில் பதிந்து வைத்திருக்கிறாள், வீட்டுக்கு யார் வந்தாலும் போட்டுக் காட்டுகிறாள்.

அதைப் பார்த்தே வளர்ந்த எங்கள் மகள், எதைக் கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள். ஆனால் வீட்டில் டோஸ்டர் கருகினாலும் பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் "ஐயோ அம்மா!" என்பாள், அச்சு அசல் என் குரலில். அவள் பிசிறில்லாமல் பேசும் ஒரே தமிழ் அதுதான்.