ஆறுக்கு ஒன்று குறைவு

நாற்பத்தொரு வருஷம் கார் ஓட்டி, போலீஸிடம் ஒரு அபராத டிக்கெட்கூட வாங்காதவர் காசிமிர் நோவிட்ஸ்கி. அப்படிப்பட்டவர் வீட்டுக்குள், மனைவி டோலரஸின் கைப்பையில் ஏறி, முதல் போலீஸ் டிக்கெட் நுழைந்தது. அபராதத்தோடு அவள் லைசென்ஸில் தண்டனைப் புள்ளிகளும் ஏறின. அன்று மாலையே அவர் ஒரு சட்டம் இயற்றினார்.

ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பெரிய எழுத்தில் எழுதி, நான்கு மூலைக்கும் நான்கு காந்தம் வைத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். "இந்த வீட்டில் யாருக்குப் புள்ளி குறைவோ அவரே வெளியூர்ப் பயணங்களில் கார் ஓட்டுவார்."

"கீழே என் கையெழுத்தும் வேணுமா?" என்றாள் டோலரஸ்.

"போடு. சட்டம்னா ரெண்டு பேருக்கும்தான்."

போட்டாள். தேதியும் போட்டாள். வாக்குவாதம் இல்லாமல் அவள் எதற்காவது கையெழுத்துப் போட்டு முப்பது வருஷம் இருக்கும். காசிமிர் அங்கேயே யோசித்திருக்க வேண்டும். அவர் நான்காவது காந்தத்தை நேராக்கிக்கொண்டிருந்தார்.

வெளியூர்ப் பயணம் என்றால் அவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான். ஈஸ்டருக்கு பஃபலோவிலிருந்து க்ளீவ்லண்டில் இருக்கும் டோலரஸின் தங்கை வீட்டுக்குப் போவது. மற்றவர்களுக்கு மூன்று மணி நேரம். காசிமிர் ஓட்டினால் ஐந்தேகால். போன ஈஸ்டருக்கு டோலரஸ் தன் கையால் வெண்ணெயில் செய்த ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனாள். ஈஸ்டர் விருந்துக்கு நடுமேசையில் வைக்கிற ஆட்டுக்குட்டி. மிளகில் கண், கழுத்தில் சிவப்பு ரிப்பன். ஈரி நகரம் தாண்டியதும் காது உருகிப் போயிற்று. ஒஹாயோ எல்லையில் தலை போயிற்று. தங்கை கதவைத் திறந்து பார்த்து, "இது என்ன, சோபாவா?" என்று கேட்டாள்.

"அடுத்த வருஷம் நான் ஓட்டுறேன்" என்றாள் டோலரஸ், திரும்பி வரும் வழி முழுக்க. அதுவும் ஐந்தேகால் மணி நேரம்.

"நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இல்ல" என்றார் காசிமிர். இப்போது சட்டமே இருக்கிறது. அவருக்குப் புள்ளி பூஜ்யம். அவளுக்கு, வேகமாகப் போனதற்காக, மூன்று.

ஒன்றரை வருஷத்துக்குள் ஆறு புள்ளி சேர்ந்துவிட்டால் அபராதத்துக்கு மேல் அபராதம் வரும். வருஷத்துக்கு ஒரு தரம் என்று மூன்று வருஷத்துக்கு வரும். பழைய பாவத்துக்குப் புது வட்டி. இதை அவர் டோலரஸுக்கு விளக்கிச் சொன்னார். அவள் மிகவும் கவனமாகக் கேட்டாள். "ஐந்துன்னா வராதில்ல?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது டிக்கெட் வந்தது. சிக்னல் போடாமல் திரும்பியதற்கு, இரண்டு புள்ளி.

"யாரு பிடிச்சது?"

"அதே ஆள்தான். ப்ரென்னன்."

"பேரெல்லாம் தெரியுமா?"

"டிக்கெட்லயே இருக்கே, காஸ். சிரிச்சா இடது கன்னத்துல குழி விழுது. அது டிக்கெட்ல இல்ல."

"டிக்கெட் எழுதுறவன் எதுக்குச் சிரிக்கிறான்?"

"நான் ஒன்னு சொன்னேன். சிரிச்சிட்டாரு."

"என்ன சொன்ன?"

"ஞாபகம் இல்ல."

ஞாபகம் இல்லையாம்! எண்பத்தேழாம் வருஷம் அவர் அவளுடைய அம்மாவைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியத்தை இன்றுவரை ஒரு சொல் குறையாமல் வைத்திருப்பவள், அன்று காலையில் தான் சொன்னதை மறந்துவிட்டாளாம்.

அன்று இரவு காசிமிர் குளியலறைக் கண்ணாடியில் தன் இடது கன்னத்தைப் பார்த்தார். சிரித்தும் பார்த்தார். சுருக்கம் ஏழு இருந்தது. குழி இல்லை. விரலால் அழுத்தினார். விழுந்தது. விரலை எடுத்ததும் சுருக்கத்தோடு சுருக்கமாகப் போய்விட்டது.

பிறகு சான்றுகளை அடுக்க ஆரம்பித்தார். ஜனவரியிலிருந்து ஈஸ்டர் வரை செவ்வாய்க்கிழமைதோறும் டோலரஸ் மாதா கோயில் கூடத்துக்குப் போவாள். வெள்ளிக்கிழமை விற்பனைக்குப் பெண்கள் கூடி பியரோகி பிடிப்பார்கள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த கொழுக்கட்டைதான் பியரோகி. மாவு பிசையப் போகிறவளுக்கு உதட்டுச் சாயம் எதற்கு? கோயிலுக்கு ஓக் தெரு வழியாகப் போனால் இரண்டேகால் மைல். ப்ரென்னன் நிற்கிற மில் ரோடு வழியாகப் போனால் மூன்று மைல். அந்த முக்கால் மைல் எதற்கு?

"நீ ஏன் மில் ரோடு வழியாப் போற?"

"பார்க்க நல்லா இருக்கு."

"என்னது?"

"ரோடு" என்று சொல்லிவிட்டு டோலரஸ் உதட்டை ஒன்றோடொன்று ஒட்டிச் சாயத்தைச் சமன் செய்தாள்.

காசிமிருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் குழியை ஒரு தரம் நேரில் பார்த்தால் போதும் என்று முடிவு செய்தார்.

"இந்தச் செவ்வாய்க்கிழமை கார் எனக்கு வேணும். எண்ணெய் மாத்தணும்."

"தாராளமா எடுத்துக்கோ. பியரோகி பிடிக்க வர்ற ஹெலன் என்னைக் கூட்டிட்டுப் போறா. அடுத்த செவ்வாயும் மாத்தணுமா?"

அவர் கார் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

முதல் செவ்வாய் தோல்வி. நாற்பது மைல் எல்லை உள்ள மில் ரோட்டில் அவர் இருபத்தேழில் போனார். போலீஸ் கார் ஒரு மெத்தைக் கடை விளம்பரத்தின் பின்னால் நின்றது. அவர் இன்னும் மெதுவாக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு தொப்பி தெரிந்தது. பின்னால் பள்ளிப் பேருந்து ஹாரன் அடித்தது. தொப்பி அசையவில்லை. ஒழுக்கமாகப் போகிறவனை இந்த நாட்டில் ஒருத்தரும் கண்டுகொள்வதில்லை என்று அவருக்கு அப்போது புரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை, வேகமாகப் போய்ப் பழகலாம் என்று கிளம்பினார். நாற்பத்தொரு வருஷம் படியாத கால் அன்றும் எளிதில் படியவில்லை. கண்ணை இறுக்கிக்கொண்டு அழுத்தினார். ஐம்பதைத் தொட்டதும் பின்னால் சிவப்பு விளக்கு சுழன்றது. இறங்கி வந்தது ஒரு பருத்த அம்மாள். கன்னத்தில் குழி என்ன, சிரிப்பே இல்லை.

"எங்க சார் அவசரம்?"

"இது பயிற்சிதான்" என்றார் காசிமிர். "நாளைக்குத்தான் நிஜமா போகணும்."

அந்த அம்மாள் அவரை ஊதச் சொன்னாள். ஊதினார். மூச்சில் முட்டைக்கோஸ் தவிர ஒன்றும் இல்லை. மூன்று புள்ளி போட்டுக் கொடுத்தாள். அதை அவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் ஷூவுக்குள் மடித்து வைத்தார்.

மறுநாள் நிஜம். மெத்தைக் கடை விளம்பரத்தை அறுபதில் கடந்தார். விளக்கு சுழன்றது. ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு காத்திருந்தார்.

ப்ரென்னன் குனிந்தான். இருபத்தாறு வயது இருக்கும். உயரம். காசிமிர் இடது கன்னத்தை உற்றுப் பார்த்தார்.

"லைசென்ஸ், சார்."

கொடுத்தார். கன்னத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெயரைப் படித்த ப்ரென்னன் சிரித்தான். விழுந்தது குழி. சின்னப் பட்டாணி வைக்கலாம்.

"நோவிட்ஸ்கி! டோலரஸ் அம்மா வீட்டுக்காரரா?"

"அவளை உனக்கு எப்படித் தெரியும்?" காசிமிர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "அவ உன்கிட்ட என்ன சொன்னா? நீ எதுக்குச் சிரிச்ச?"

"போன தடவை சொன்னாங்க சார். 'என் வீட்டுக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை உன் கன்னத்தைப் பார்க்க இந்தப் பக்கம் பறந்து வருவார். பாவம்னு விட்டுடாதே'ன்னாங்க. யாராவது அப்படிச் செய்வாங்களான்னு சிரிச்சேன்."

"விட்டுடப் போறியா?"

"நாற்பதுல அறுபது, சார். அவங்க சொல்லலைன்னாலும் விட முடியாது."

நான்கு புள்ளி.

நீதிமன்றத்துக்குப் போய் மறுத்திருக்கலாம். மறுத்தால் காரணம் கேட்பார்கள். காரணத்தைச் சொல்ல நினைத்தபோதே அவருக்குக் காது சூடாயிற்று. இரண்டையும் ஒப்புக்கொண்டு தபாலில் பணம் கட்டினார்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் மாநில அரசிடமிருந்து கடிதம் வந்தது. மொத்தம் ஏழு புள்ளி. கூடுதல் அபராதம், மூன்று வருஷத்துக்கு. டோலரஸ் அதைச் சத்தமாக ஒரு தரம் படித்தாள். பிறகு ஃப்ரிட்ஜ் கதவில் இருப்பதைச் சத்தமாக ஒரு தரம் படித்தாள். பிறகு கையை நீட்டினாள். காசிமிர் சாவியை வைத்தார்.

சனிக்கிழமை காலை கிளம்பினார்கள். வெண்ணெய் ஆட்டுக்குட்டி அவர் மடியில் இருந்தது. டோலரஸ் மில் ரோடு வழியாகத்தான் போனாள். மெத்தைக் கடை விளம்பரத்துக்கு அருகில் சின்னதாக ஒரு ஹாரன் அடித்தாள். போலீஸ் காருக்குள்ளிருந்து ஒரு கை உயர்ந்து ஆடியது. காசிமிர் ஆட்டுக்குட்டியை அந்தப் பக்கம் பார்க்காதபடி திருப்பி வைத்தார்.

நெடுஞ்சாலையில் அவள் எல்லையைத் தாண்டவில்லை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் சிக்னல் போட்டாள். ஒஹாயோ எல்லை வந்தபோது ஆட்டுக்குட்டிக்குக் காது இரண்டும் இருந்தன. அவரால் பொறுக்க முடியவில்லை.

"இவ்வளவு ஒழுங்கா ஓட்டுறியே, டாலி. அப்புறம் எப்படி உனக்கு ரெண்டு டிக்கெட்?"

"அதை ஏன் கேக்குற? டிக்கெட் வந்தா நீ சட்டம் போடுவேன்னு எனக்குத் தெரியும். முதல் டிக்கெட் வாங்கத்தான் நாலு செவ்வாய் அலைஞ்சேன். ரெண்டாவதுல ஆறுக்கு ஒன்னு குறைவா நிறுத்தணுமேன்னு பயம் வேற" என்றாள் டோலரஸ். "ஆட்டை நேராப் பிடி, காஸ். தலை சாயுது."