ஏழு பேனாவும் ஒரு பென்சிலும்

வோலோஸ்,
மார்ச் 3

அன்புத் தங்கை தெஸ்பினாவுக்கு,

உன் அண்ணன் ஸ்டெர்யோஸ் எழுதுவது. இங்கு நலம். அந்த டொராண்டோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் என் குரல் கேட்டாலே நீ வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். கடிதத்தைத் தூக்கி மேஜையில் போட்டாலும் அது அங்கேயேதான் கிடக்கும், என்றைக்காவது பிரிப்பாய்.

ஆகஸ்டில் மாதா திருநாளன்று வருகிற உன் பெயர் நாளுக்கு வாழ்த்தத்தான் கூப்பிட்டேன். வாழ்த்திய வாய் அத்தோடு நின்றதா? "ஆசீர்வாதப் பேனாவை எடுத்துட்டுப் போனவளாச்சே, உனக்கென்ன குறை?" என்று கேட்டுவிட்டேன். ஐம்பது வருஷமாகச் சொல்வதுதான். அம்மாவிடம் இருந்தது ஒரே நல்ல பேனா. அதைக் கோயிலில் பாதிரியாரிடம் மந்திரித்து வாங்கி, ஆங்கிலத் தேர்வன்று காலை உன் கையில் கொடுத்தாள். எனக்கு மை ஒழுகுகிற பேனா. நீ தேறிக் கப்பலேறினாய், நான் கோட்டைவிட்டு இரும்புக் கடையில் உட்கார்ந்தேன். எப்போதும் சிரிக்கிறவள், இந்த முறை வெடித்துவிட்டாய். "நீ படிக்கலண்ணே, அதான் பெயிலானே. பேனா மேல பழியப் போடாதே. இந்தப் பேச்சை விடுற வரைக்கும் எனக்குப் போன் பண்ணாதே!"

எனக்கு வந்த ரோஷத்தில் மறுநாளே அதே தேர்வுக்குப் பெயர் கொடுத்தேன். மந்திரித்த பேனா மட்டும் கையில் இருந்தால் நான் யார் என்று காட்டிவிடுவதாக எண்ணம். அறுபத்தேழு வயதில் டியூஷன். சுற்றிலும் பதினைந்து வயதுப் பிள்ளைகள், எல்லாம் காதில் ஒயரோடு.

ஆனால் தெஸ்பினா, புத்தகத்தைத் திறந்ததும் அன்று நமக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஊரானியா டீச்சர்தான் கண்முன் வந்து நின்றாள். ரொட்டிக் கடைக்கு மேலே அந்த அறை, கீழேயிருந்து வருகிற எள்ளு வாசனை, எல்லோரும் சேர்ந்து கத்துவோமே, அவன் அவள் அது வந்தால் வினைக்கு ஓர் எஸ் வால் என்று! தேதியிலிருந்து எண்ணினால் சின்ஸ், மொத்தக் காலத்தைச் சொன்னால் ஃபார். துறைமுகம் வழியாக வீட்டுக்குப் போகும்போது நீ என்னை விடமாட்டாய். "அண்ணே, நீ எத்தனை வருஷமா மக்கு? பதினாறு வருஷமா! அப்போ சின்ஸா ஃபாரா? சொல்லு, சொன்னாத்தான் கடலை தருவேன்!" அந்த நாள்களை நினைத்து நான் எத்தனை மாலை படிக்காமலே உட்கார்ந்திருந்தேன் தெரியுமா?

தேர்வுக்கு முந்தின ஞாயிறு ஏழு பேனாக்களைக் கோயில் தட்டில் வைத்தேன். பாதிரியார் துளசிக் கொத்தால் புனித நீரைத் தெளித்து, "ஸ்டெர்யோ, கடை போடப் போறியா?" என்றார். ஏழையும் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனால், மேற்பார்வைக்கு நின்ற பெண் கையை நீட்டிவிட்டாள்.

"தாத்தா, மை செல்லாது. விடைத்தாளை மெஷின்தான் திருத்தும். பென்சில்தான்."

"அம்மாடி, இதெல்லாம் மந்திரிச்ச பேனாம்மா!"

"மெஷினுக்கு அது தெரியாதே தாத்தா."

தன் பென்சிலையே கொடுத்தாள். நுனியெல்லாம் கடித்த கடி. தொலைந்தோம் என்று உட்கார்ந்தேன். ஒன்பதாவது கேள்வி: "என் தங்கை நாற்பது ஆண்டுகளாக வெளிநாட்டில் வாழ்கிறாள்." ஆங்கில வாக்கியத்தின் நடுவில், சின்ஸா ஃபாரா என்று நிரப்பக் கோடிட்ட இடம். அந்த இடத்தில் உன் குரல் கேட்டது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், கண்ணும் நிறைந்துவிட்டது. அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

முடிவு வந்துவிட்டது. தேறிவிட்டேன்! மந்திரிக்காத பென்சிலில். ஆக, அன்றைக்கும் குற்றம் பேனாவுடையது இல்லை. நீ சொன்னதுதான் சரி, நான் படிக்கவில்லை. ஐம்பது வருஷமாக உன் உழைப்பைப் பேனா கணக்கில் எழுதிய அண்ணனை மன்னித்துவிடு.

பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம். மாப்பிள்ளையின் முழங்காலுக்கு என் அனுதாபம்.

ஆசிகளுடன், உன் அண்ணன்,
ஸ்டெர்யோஸ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அந்தப் பென்சிலைத் தேர்வுக்கூடத்துப் பெண்ணிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். "நீங்களே வச்சுக்குங்க தாத்தா, எங்கம்மா போன வருஷம் கோயில்ல மந்திரிச்சு வாங்கினது" என்கிறாள்! ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு ரத்து. நான் சொன்னதுதான் சரி. பென்சிலை நடுவில் அறுத்து ஒரு பாதியை இத்துடன் வைத்திருக்கிறேன். பேனாவை அம்மாவால் அப்படிப் பங்கு வைக்க முடியவில்லை, பாவம். ஈஸ்டருக்கு உன் பாதியோடு வந்து சண்டை போடு.