குள்ளன் குதித்த சத்தம்

குள்ளன் குழியைத் தாண்டிக் குதித்தான். லேப்டாப்பிலிருந்து ‘ட்… ட்ரு… ட்… ட்ரு’ என்று விட்டுவிட்டு ஒரு சத்தம் வந்தது. தங்கப்பழம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அடுக்களையில் அவர் மனைவி யோகலட்சுமி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒவ்வொரு பாத்திரமும் ‘ணங்’கென்று தரையில் இறங்கியது. நான்கு நாட்களாக அந்த வீட்டில் அவள் சார்பாகப் பேசிக்கொண்டிருந்தவை பாத்திரங்கள்தான்.

காரணம் சின்னது என்று தங்கப்பழம் நினைத்தார். அதுதான் அவர் செய்த இரண்டாவது குற்றம். முதல் குற்றம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அன்று அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். மனிதர் வழக்கம்போல் தறிச் சாமான் கடையைத் திறந்து, சாத்தி, வீட்டுக்கு வந்து, இரண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் பெங்களூரிலிருந்து மகள் போனில் கேட்ட பிறகுதான் மண்டையில் உறைத்தது.

இனிமேல் புடவை வாங்கிக் கொடுத்தால் அது பரிசாகாது, அபராதமாகிவிடும். என்ன செய்யலாம் என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தபோதுதான் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டில் ஓடும் குள்ளன் நினைவுக்கு வந்தான்.

இருபத்தேழு வருடங்களுக்கு முன்னால், ரத வீதி மாடியில் மன்சூர் அலி சார் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில்தான் தங்கப்பழமும் யோகலட்சுமியும் டாஸ் என்ற அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பாடம் படித்தார்கள். மொத்தம் ஆறு கம்ப்யூட்டர். சார் டீ குடிக்கப் போகும் கால் மணி நேரத்தில் தங்கப்பழம் குள்ளனை எடுத்து ஓடவிடுவார். பக்கத்து நாற்காலியில் யோகலட்சுமி. அந்தப் பக்கம் தலையைத் திருப்பத் தைரியமில்லாமல் திரையையே முறைத்துக்கொண்டு ஆடுவார். குள்ளன் குதித்தால் ‘டொய்ங்’ என்று வரும். காசை எடுத்தால் ‘டிளிங் டிளிங்’. குழியில் விழுந்தால் ‘ஙொய்ய்ய்’ என்று நீளமாக ஓர் ஒப்பாரி, அதன் கடைசியில் சிரிப்பு மாதிரி என்னவோ ஒன்று. அந்தச் சத்தத்தை மறுபடி அவள் காதில் போட்டுவிட்டால் கோபம் தணிந்துவிடும் என்று அவர் முழுமனதாக நம்பினார்.

விளையாட்டு இணையத்தில் கிடைத்துவிட்டது. இந்தக் காலத்து லேப்டாப்பைப் பழைய கம்ப்யூட்டராக நடிக்க வைக்கும் ஒரு புரோகிராமும் கிடைத்தது. சத்தம் மட்டும்தான் திக்கியது.

வாழ்நாளெல்லாம் தறிக்குச் சாமான் விற்றவருக்கு உலகமே ஒரு தறிதான். ஓட்டம் திக்கினால் வேகம் பத்தவில்லை என்று பொருள். புரோகிராமில் வேகத்துக்கான எண்ணைத் தேடிப் பிடித்து மூன்று மடங்காக்கினார். குள்ளன் நாய் துரத்தியவனாட்டம் பறந்து, இவர் பொத்தானில் விரல் வைக்குமுன் மூன்று குழிகளில் விழுந்து தன் மூன்று உயிரையும் விட்டான். சத்தம் முன்னைவிட மோசமாகத் திக்கியது.

சத்தத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு வெளியே விடச் சொன்னால் திக்காது என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவருக்குத் தெரியவில்லை. கைநிறைய அள்ளி வைத்தார். குள்ளன் குதித்து, காசெடுத்து, குழியில் விழுந்து செத்துப்போன பிறகு, அவன் குதித்த சத்தம் வந்தது.

அதைக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து உள்ளே மிக்ஸி ஓடியது.

“ஏட்டி, கொஞ்சம் சத்தம் போடாம இரி” என்றார் தங்கப்பழம்.

மிக்ஸி நின்றது. யோகலட்சுமி வெளியே வந்தாள்.

“நாலு நாளா நான் வாயே தொறக்கல. அதுகூட உங்களுக்குச் சத்தமாத் தெரியுதா? அஞ்சு மணி பஸ்ஸுக்கு நான் சிவகிரி போறேன்.”

சிவகிரியில் அவள் அண்ணன் வீடு. கல்யாணமான நாளிலிருந்து கோபித்துக்கொண்டு அவள் அங்கே போனதில்லை. பையில் துணி வைக்கும் சத்தம் கேட்டதும் தங்கப்பழம் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு.

மேலே பல்பு மங்கி மங்கி எரிந்தது. அவருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. பக்கத்து வீட்டு அய்யாத்துரை அண்ணாச்சியின் எட்டுத் தறியும் கரண்டை இழுக்கின்றன. பேட்டரி செத்துப்போன லேப்டாப்புக்கு மிச்சம் மீதிதான் வருகிறது. திக்காமல் என்ன செய்யும்? ஓடிப்போய் அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்றார்.

“அண்ணாச்சி, அரை மணி நேரம் தறிய நிறுத்துங்க. குடும்பத்துல ஒரு விஷயம்.”

அய்யாத்துரை அவர் முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் எட்டுத் தறியையும் நிறுத்தினார்.

அந்தத் தெருவில் பகல் நேரத்தில் தறி நிற்பது இரண்டு காரணங்களுக்காகத்தான். ஒன்று கரண்டு போகவேண்டும், இல்லை ஆள் போகவேண்டும். பல்பு எரிந்துகொண்டிருந்ததால் எதிர்வீட்டுக்காரர் தாமும் நிறுத்தினார். அவரைப் பார்த்து அடுத்தவர் நிறுத்தினார். தங்கப்பழம் உள்ளே உட்கார்ந்து எல்லா எண்ணையும் குறைத்து முதலிலிருந்து சரிசெய்து முடிப்பதற்குள் தெரு முழுக்க அடங்கிப்போனது. வாசலில் பதினைந்து பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

உள்ளே வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிரவில்லை. வீட்டுக்காரி கண் சிவந்து, கையில் பையோடு நிற்கிறாள். எதிர்வீட்டு ஆறுமுகத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு யோகலட்சுமியின் தோளைத் தொட்டாள்.

“யாருக்கும்மா? சிவகிரியிலயா?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல மதினி. இவுக விளையாடுதாக” என்றாள் யோகலட்சுமி.

தங்கப்பழம் கையை உயர்த்தினார். பதினைந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்ள, பொத்தானை அழுத்தினார்.

சத்தம் திக்கவில்லை. சுத்தமாக வந்தது. குள்ளன் குதித்தான், ‘பீப்’. காசெடுத்தான், ‘பீப்’. குழியில் விழுந்தான், கொஞ்சம் நீளமாக ஒரு ‘பீப்’. அவ்வளவுதான்.

“இது அந்தச் சத்தமே இல்ல” என்றார் தங்கப்பழம். அவர் முகத்தைப் பார்த்து, துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நிஜமாகவே துக்கமாகிவிட்டது.

மணி நாலரை. வேறு வழியில்லாமல் கடையநல்லூரில் இருக்கும் மன்சூர் அலி சாருக்குப் போன் போட்டார். போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், நம்ம சென்டர் மெஷின்ல சத்தத்துக்கு என்ன கார்டு போட்டிருந்தீங்க? குள்ளன் குதிச்சா டொய்ங்னு வருமே, காசெடுத்தா டிளிங்னு. இருவத்தேழு வருசமா காதுலயே நிக்கி சார். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் கிளாஸுக்கே வந்தேன். அத ஒருக்கா இவளுக்குக் கேக்க வைக்கணும்.”

யோகலட்சுமி பையைக் கீழே வைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். அழுகிறாளா, சிரிப்பை அடக்குகிறாளா என்று ஆறுமுகத்தாய்க்கு விளங்கவில்லை.

போனில் சார் சொன்னார்.

“என்னலே சொல்லுத? நீங்க விளையாடக் கூடாதுன்னு ஆறு மெஷின்லயும் ஸ்பீக்கர் ஒயர வாங்குன அன்னைக்கே நான் பிடுங்கிப் போட்டுட்டேன். டீ குடிச்சிட்டு வரும்போது வாசல்ல நின்னு நானே பாத்திருக்கேன், அந்த டொய்ங்கு, டிளிங்கெல்லாம் பக்கத்து சீட்டுல இருந்து யோகலட்சுமி வாயாலயே போட்டதுலா.”