இறங்காத ஓடாவியார்

இலங்கைக்குச் சுதந்திரம் கொழும்பில் கிடைக்கவில்லை. நற்பிட்டிமுனை வயல் வரம்பில்தான் கிடைத்தது. இதை மறுத்தவர்களுக்கு எங்கள் ஊரில் கட்டிலோ அலுமாரியோ கிடைக்காது. தச்சு வேலை செய்யும் ஓடாவியார்தான் அந்தச் சுதந்திரத்தையும் வாங்கித் தந்தவர். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. 'சுதந்திர ஓடாவி' என்றால் கல்முனை முழுக்கத் தெரியும்.

வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் வாய்க்கால் பார்க்கக் குதிரையில் வந்தாராம். வரம்பில் நின்றவர்களெல்லாம் சேற்றில் இறங்கி வழிவிட, இளந்தாரியான இவர் மட்டும் இறங்கவில்லை. குதிரை இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பியது.

"அண்டைக்கே வெள்ளைக்காரனுக்கு வெளங்கிட்டு மனே, இனி இஞ்ச இரிக்க ஏலாண்டு" என்பார் ஓடாவியார்.

"பொறகும் கொஞ்ச வருசம் இருந்தானே காக்கா?" என்று கேட்பேன். எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன்.

"அவன்ட சாமான் கனக்க. மூட்ட கட்டி முடிக்க வேணாமா?"

இங்கிலீசுச் சொல் ஒன்றும் அவர் வாயில் வராது. மேசை, கதிரை, அலுமாரி எல்லாம் போர்த்துக்கேயனுடைய சொற்கள் என்று ஒரு வாத்தியார் மடக்கியபோது, "அவனத் துரத்தியாச்சி. உட்டுட்டுப் போன சாமான் நம்மட" என்றார்.

எண்பதுகளின் நடுவில் நானும் அவரும் தினமும் காலை ஒரே பஸ்ஸில் அக்கரைப்பற்றுக்குப் போனோம். நான் கந்தோர் வேலைக்கு, அவர் பலகை அறுக்கும் மரக்காலைக்கு. வழியில் இராணுவம் சோதனைச் சாவடி போட்டது. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி துவக்குகளைத் தாண்டி நடந்துபோய், அந்தப் பக்கம் ஏறவேண்டும். முதல் நாளே ஓடாவியார் அசையவில்லை.

"வெள்ளைக்காரனுக்கே இறங்கல்ல. இவனுக்கு இறங்கிறயா?"

"காக்கா, உங்களால எங்களயும் சுடுவான்!" என்று அவருடைய சட்டையை இழுத்தேன். முந்திய வாரம் வேறொரு சாவடியில் ஒருவர் முறைத்துப் பார்த்ததற்காக ஒரு பஸ்ஸில் வந்த இளைஞர்கள் அத்தனை பேரையும் கொண்டுபோயிருந்தார்கள். எங்கள் பஸ்ஸிலும் இளைஞர்கள் இருந்தார்கள். அவர்களுடைய முகங்களை ஓடாவியார் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

சிப்பாய் ஏறி வந்தான். "ஏன் இறங்க இல்ல?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கால் ஏலா, மாத்தயா" என்று சிங்களத்தில் ஐயா போட்டது ஓடாவியாரின் குரல்.

சிப்பாய் துவக்குப் பிடியால் அவருடைய முழங்காலைத் தட்டிப் பார்த்தான். ஓடாவியார் போட்ட கூச்சலில் மரத்துக் காகங்கள் பறந்தன. சிப்பாய் நம்பிவிட்டான்.

மறுநாள் முதல் பூவேலை செய்த கைத்தடியோடு நொண்டி நொண்டி வந்தார். சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்காத ஒரே மனிதர்! ஆனால் நல்ல யோசனை ஒருவரோடு நிற்குமா? இரண்டு வாரத்துக்குள் மீன் வியாபாரிக்குக் கால் போனது. கொண்டக்டருக்கு இடுப்பு. கடைசியில் புடவைக்கடையில் வேலை செய்யும் இளைஞன் நசாருக்கும் கால் இழுத்தது.

சிப்பாய் முட்டாள் இல்லை. நசாரை இழுத்து வெளியே தள்ளி, "ஓடு!" என்றான். பயத்தில் அவன் மான் மாதிரி ஓடினான். பிடித்து நிறுத்தித் துவக்கை ஓங்கினான் சிப்பாய். பஸ்ஸுக்குள் யாரோ மரண வேளைக்குரிய கலிமாவைச் சொல்லத் தொடங்கினார்கள்.

ஓடாவியார் எழுந்தார். தடியை இருக்கையில் வைத்துவிட்டு, படியால் நேரே இறங்கி, நசாருக்கு முன்னால் போய் நின்றார்.

"என்ட காலும் நல்லம். நான்தான் இவனுக்குப் பழக்கின. என்னப் புடிங்க."

தார் ரோட்டில் அவரை முழங்காலில் நிறுத்தினார்கள். வெயில் ஏறியது. பஸ்ஸைப் போகச் சொன்னார்கள். "இஞ்சின் பழுது மாத்தயா" என்றார் டிரைவர். அன்று காலைதான் புதிதாய் ஓடவிட்ட பஸ் அது. உச்சி வெயிலில் அவரை விட்டபோது இரண்டு முழங்காலும் வீங்கி, எழும்பவே முடியவில்லை. நானும் நசாரும் தூக்கி ஏற்றினோம்.

"கந்தோருக்குப் பிந்திட்டா மனே?" என்று கேட்டார்.

"இல்ல காக்கா" என்றேன்.

அதன்பின் அவருக்கு உண்மையாகவே நொண்டல் வந்துவிட்டது. சாவடியில் எல்லோரோடும் இறங்கி நடக்கவும் வேண்டியிருந்தது. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் பின்தங்கித் தனியாகிவிடாதபடி பஸ் முழுவதும் அவருடைய வேகத்திலேயே நடந்தது. "சீக்கிரம், சீக்கிரம்!" என்று சிப்பாய் கத்துவான். அட்டைகளைத் தூக்கிப் பிடித்தபடி, அவசரப்படாமல் நடந்தோம்.