சம்பந்தத்துக்குள் பாய்ந்து வந்த வெள்ளைச்சி

ஒன்றுமே தெரியாதவர்களால் உலகத்துக்கு ஒரு ஆபத்தும் இல்லை. எல்லாம் தெரிந்தவர்களையும் எப்படியோ சமாளித்துவிடலாம். மூன்று மாதம் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போய், பிளாஸ்ரிக் உறை போட்ட சான்றிதழோடு வருகிற ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களிடம்தான் கவனமாக இருக்கவேண்டும். சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் வவுனியாவில் அப்படி ஒருத்தி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தாள். வேறு ஆருமில்லை, நான்தான்.

எங்கள் வீடு நெளுக்குளத்தில். அப்பா சங்கக்கடை மனேச்சர். "என்ர சின்னவள் கொம்பியூட்டர் படிச்சவள்" என்று பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற ஆளுக்கெல்லாம் சொல்லுவார் (கேட்காத ஆளுக்கும்தான்). ஆகவே, ரமணி அக்காவுக்குப் பொருந்தி வந்த லண்டன் மாப்பிள்ளை வீட்டார், "முதல் இன்ரநெற்றில முகம் பாத்துக் கதைப்பம்" என்று சொன்னவுடன் வீட்டில் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தலை முகட்டில் முட்டியது!

அக்காவுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் மூடுவா (கதவின் உள்பக்கம் அவருடைய படம்). அதற்கு முதல் வந்த சம்பந்தங்கள் எல்லாம் ஏதோ ஒரு நொட்டையில் முறிந்து போனவை. "இதுவும் சரிவராட்டி இனி ஒருத்தருக்கு முன்னாலயும் சீலை உடுத்திக்கொண்டு வந்து இருக்கமாட்டன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ரவுணில் நசீர் நானாவின் கொம்யூனிகேசன் கடையில்தான் கமெரா பூட்டின கொம்பியூட்டர் இருந்தது. அதுவும் ஒன்றே ஒன்று. எல்லாவற்றையும் ஆயத்தப்படுத்துகிறேன் பேர்வழி என்று நான் முந்தியே போய்க் குந்திவிட்டேன். நெற்றைத் திறந்ததும் ஒரு பெட்டி துள்ளிக்கொண்டு வந்தது. மணி அடித்தது, நட்சத்திரம் பறந்தது. "வாழ்த்துகள்! நீங்கள் தெரிவு செய்யப்பட்டிருக்கிறீர்கள்!" என்று இங்கிலிசில் எழுதியிருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் நல்ல சேதி கொண்டு வருகிறவனின் முகத்தில் ஆராவது படலையைச் சாத்துவார்களா? வாங்கோ, இருங்கோ என்று ஒரு தேத்தண்ணியாவது கொடுத்துத்தானே அனுப்புவம்! நானும் மரியாதையாக "ஓம்" என்ற இடத்தை அமத்தினேன். இன்னொன்று வந்தது. அதற்கும் ஓம். திரையில் நீந்துகிற மீன் இலவசமாம். ஓம், ஓம்! பெயர் கேட்டான், கொடுத்தேன். ஆர்வம் என்ன என்று கேட்டான், அக்காவின் கலியாணம் என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் திரையே சன்னதம் ஆடத் தொடங்கிவிட்டது.

நசீர் நானா ஓடி வந்தார்.

"என்ன புள்ள செஞ்சீங்க? ஒண்ட மூடினா ரெண்டு பாயுதே!"

"நான் ஒண்டும் செய்யேல்லை நானா. அவைதான் வாழ்த்துச் சொல்லீனம்."

"வாழ்த்தா? நாசமாப் போக! இப்பிடிப் பெட்டி பாயிற வித்தைக்கும் அமெரிக்காவில எவனோ தன்ட கண்டுபிடிப்பெண்டு உரிமை பதிஞ்சு வெச்சிருக்கானாம். மத்தவன் செஞ்சா வழக்காம். மூடுற வித்தைய மட்டும் ஒருத்தனும் கண்டுபிடிக்கேல்ல!"

அவர் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக மூடினார். முழுக்க நிற்பாட்டித் திரும்பத் தொடங்கவேண்டும் என்றார். அதற்குள் அப்பா, அம்மா, அக்கா மூன்றுபேரும் வந்து இறங்கிவிட்டார்கள். "ராகுகாலம் தொடங்க முன்னம் முகம் பாக்கோணும், கெதியா எடு!" என்று அம்மா நெருக்கினா. நானும் நிற்பாட்டாமலே லண்டனுக்கு எடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் முகம் கட்டம் கட்டமாக வந்தது. முதலில் நெற்றி, பிறகு மூக்கு, கடைசியாக ஒரு வெட்கச் சிரிப்பு. ஐயோ, எனக்கு வந்த புளுகமும் பெருமையும்! லண்டனையே நான்தான் இழுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்ததுபோல் சுற்றிப் பார்த்தேன். அவருக்கு இடப்பக்கம் தாய், பட்டுச்சீலையோடு. அம்மா கொண்டுவந்த பயற்றம் பணியாரத் தட்டைக் கமெராவுக்கு முன் நீட்டினா.

"தம்பி, இது ரமணி சுட்டது."

"நல்லா இருக்கு மாமி" என்றார் அவர், சாப்பிடாமலே.

அக்கா தலையைக் குனிந்தபடி மெதுவாகச் சிரித்தா. அந்தச் சிரிப்பு அலுமாரிச் சிரிப்புத்தான். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

வெள்ளைச்சி வந்தாள். தலைமயிரை விரித்துப்போட்டு, தோள்மூட்டில் துணியில்லாமல், ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு, சரியாக மாப்பிள்ளையின் வலப்பக்கத்தில் வந்து நின்றாள். இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் வெள்ளைச்சி, நடுவில் மாப்பிள்ளை. ஸ்ருடியோவில் நிற்பாட்டிப் படம் எடுத்ததுபோல் இருந்தது. காலடியில் எழுத்துகள் மினுங்கின. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"ஐ ஆம்... வெயிற்றிங்... ஃபோ யூ."

நான் பாய்ந்து மூடினேன். போனவள் இன்னும் பெரிதாகத் திரும்பி வந்து கண்ணடித்தாள். கொம்பியூட்டரை முதல் முதலாகப் பார்க்கிற அப்பாவுக்கு, அந்தத் திரைக்குள் இருப்பதெல்லாம் ஒரே அறைதானே! கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"தம்பி! உதில பக்கத்தில நிக்கிற வெள்ளைச்சி ஆர்?"

"அப்பா, அது விளம்பரம்" என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாப்பிள்ளையின் முகம் அப்படியே உறைந்து நின்றது. லைன் பிழை என்று நினைத்தேன். பிறகு ஸ்பீக்கரில் மெல்லிய குரல் வந்தது.

"மாமா... உங்களுக்கு ஆர் சொன்னது?"

நசீர் நானா போட்டோக்கொப்பி மெசினை நிற்பாட்டினார்.

"ஆரடா அது?" என்றா தாய்.

"அம்மா, நானே சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். கரோலின் எண்டு... என்னோட வேலை செய்யிறவா."

தாயின் கை எழும்பியது. லைன் மெதுவென்றபடியால் அந்த அடி மூன்று துண்டாக வந்து சேர்ந்தது. அப்பா, "எங்கட பிள்ளையை என்னெண்டு நினைச்சனீங்கள்?" என்று கத்தினார். அம்மா பணியாரத் தட்டைச் சடாரென்று பின்னுக்கு இழுத்து மூடினா.

அக்கா எழும்பி வந்து என் கையில் இருந்த மைக்கை வாங்கினா. நேரே திரையைப் பார்த்தா.

"இஞ்ச பாருங்கோ. நீங்கள் அவாவை விரும்பிறியளோ?"

"...ஓம்."

"அப்ப ஏன் என்னைப் பாக்க வந்தனீங்கள்?"

"அம்மாவுக்குப் பயத்தில."

"கலியாணம் முடிஞ்சாப் பிறகும் பயத்திலதானே இருந்திருப்பியள், நானும் தெரியாமலே இருந்திருப்பன். போய் அவாவையே கட்டுங்கோ. பாவம், எவ்வளவு நேரமாக் கையை நீட்டிக்கொண்டு நிக்கிறா."

மைக்கை வைத்துவிட்டு வெளியே போய்விட்டா.

பஸ்ஸில் அக்கா யன்னல் பக்கம் திரும்பி இருந்து அழுதுகொண்டே வந்தா. அவ்வளவு ஆசையாகச் சிரித்த மனிசி! பூனைபோல் பக்கத்தில் நகர்ந்து போய் மெதுவாகச் சொன்னேன்.

"அக்கா, அது கரோலின் இல்லை. அது விளம்பரம். நான்தான் கண்ட கண்டதுக்கெல்லாம் ஓம் எண்டனான்."

அக்கா திரும்பி என்னை முறைத்துப் பார்த்தா. சரி, அடி விழப்போகுது என்று கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். திடீரென்று ஒரு சிரிப்பு! கொண்டக்டர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தா. கண்ணீரும் ஓடுது, சிரிப்பும் ஓடுது. "அப்ப அவன் தானாகவே வந்து மாட்டுப்பட்டவனோ!" என்று என் முதுகில் ஒன்று போட்டா. அடி நல்லாய் நொந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

பிறகு அந்த லண்டன் மாப்பிள்ளை கரோலினைக் கட்டி, கலியாணப் படமும் ஆரோ ஒரு உறவுக்காரர் மூலம் எங்கள் வீட்டுக்கு வந்தது. கட்டையான, கண்ணாடி போட்ட, கறுத்த மயிர்ப் பெண். அப்பா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்தார்.

"அண்டைக்கு நிண்டவள் வேறயெல்லோ! இவனுக்கு எத்தினை பேரடா!"

நான் எவ்வளவோ விளங்கப்படுத்தியும் அவர் கடைசிவரை நம்பவில்லை.

அக்காவுக்குப் பூவரசங்குளத்துக் கணக்கு வாத்தியார் ஒருவர் சரிவந்தார். நேரில் வந்து, கதிரையில் இருந்து, பணியாரத்தை உண்மையாகவே சாப்பிட்டு, இரண்டாவதும் கேட்டு வாங்கின மனிசன்.

இப்போது எங்கள் வீட்டில் போனில் விளம்பரம் பாய்ந்தால் எல்லாருக்கும் அது வெள்ளைச்சிதான். பல்லுக்குப் பூசுகிற பசை என்றாலும், காணி விற்பனை என்றாலும், "ஐயோ, வெள்ளைச்சி வந்திட்டாள்!" என்று கத்திக்கொண்டு மூடப் பாய்வோம். அக்கா மட்டும் கையைத் தட்டிவிடுவா.

"பொறுங்கோடி. வந்தவள் என்னத்தையோ சொல்லத்தானே வந்திருக்கிறாள்."