கத்திப் பிடியில் நான் வைத்த பூ

ஒன்பதாம் வகுப்புக்கு இரும்பு துருப்பிடிக்கும் பாடத்தைப் பத்தொன்பது வருடமாகப் படிப்பிக்கிறேன். ஆணியும் உப்புத் தண்ணீரும் போட்ட குழாயைத் தூக்கிக் காட்டி, "விளங்கிச்சோ?" என்று கேட்பேன். பிள்ளைகளுக்கு விளங்கியது. எனக்குத்தான் விளங்கவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

வெளிநாட்டுக்காரர் கத்தி செய்யும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது. நாரந்தனையில் எங்கள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் பட்டறை போட்டேன். (பட்டறை என்றால் ஒரு மேசை, ஓர் அரம், கோபத்தோடு ஒரு மனைவி.) பழைய மரவாள் தகட்டில் அலகு வெட்டினேன். பனை வைரத்தில் பிடி செதுக்கினேன். இரண்டையும் இறுக்கும் ஆணியைச் செம்பில் போடுவதா, பித்தளையில் போடுவதா என்பதுதான் மிச்சம்.

கத்தி அந்தோனி அண்ணைக்கு. அவர் என் மனைவியோடு படித்த மேரியின் கணவர். அல்லைப்பிட்டியில் கடற்றொழில் செய்பவர். புது வள்ளம் இறக்குகிறார் என்று கேள்விப்பட்டதும், வள்ளத்தில் வைக்க ஒரு கத்தி செய்து தருவதாகச் சொல்லிவிட்டேன். (அவர் கேட்கவேயில்லை.)

"ஆணிக்குச் செம்புக் கம்பி போட்டால் காணும் சேர்," என்றார். "அப்பான்ரை மரவள்ளத்துக்குச் செப்பாணிதான் அடிச்சது. உப்புத்தண்ணிக்குள்ள கிடந்தும் இண்டைக்கும் அசையேல்லை."

"பாப்பம் அண்ணை," என்றேன். ஆணியைப் பற்றி எனக்கே வகுப்பெடுக்கிறாரே என்று மனதுக்குள் ஓர் இளக்காரம்.

வீடியோவில் ஒருவர் சிறிய குழாய்க்குள் மெல்லிய கம்பிகளை அடுக்கி, பசை ஊற்றி, காய்ந்ததும் குறுக்கே அறுத்தார். அந்தத் துண்டுதான் ஆணி; அதன் முகத்தில் பூ தெரிந்தது. அதைக் கண்டபின் வெறும் செம்பு என் கண்ணுக்குப் பிடிக்குமா? பழைய வானொலியின் அன்ரனாவை அறுத்துக் குழாய் எடுத்தேன். உள்ளே வைக்கக் கொட்டிலில் கிடந்த இரும்புக் கட்டுக்கம்பி போதும் என்று நினைத்தேன். பசை இறங்காத இடங்கள் இருந்தன. கண்டும் காணாமல் விட்டேன். ஆறு இதழ் பூ! மினுக்கி மினுக்கிப் படம் பிடித்து, ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் காட்டினேன். விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் இரும்பைக் கடலுக்கு அனுப்புகிறார் என்று யாரும் சொல்லவில்லை. நானும் நினைக்கவில்லை.

கத்தியைக் கொடுத்ததிலிருந்து நாலு மாதமாக அந்தப் பூவுக்குள் உப்புத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. துருவேறிய கம்பி பருத்து, பிடியை உள்ளுக்குள்ளேயே வெடிக்க வைத்திருக்கிறது. ஒரு நாள் காலையில் இயந்திரத்தின் விசிறியில் வலைக்கயிறு சுற்றிக்கொண்டது. காற்று வள்ளத்தைப் பாறைப் பக்கம் தள்ளியது. அந்தோனி அண்ணை குனிந்து, என் கத்தியால் பலங்கொண்ட மட்டும் அறுத்திருக்கிறார். பிடி பிளந்து ஒரு பாதி கடலில் விழுந்தது. அலகு அவருடைய உள்ளங்கைக்குள் இறங்கியது. வெறும் அலகில் உடுத்திருந்த சாரத்தைச் சுற்றிப் பிடித்து மிச்சக் கயிற்றை அறுத்துக்கொண்டு கரைக்கு வந்தாராம். ஒன்பது தையல்.

தோடம்பழப் பையோடு பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையோடு கதிரையில் இருந்தார்.

"ரண்டு மாசத்துக்குக் கடலுக்குப் போகேலாதாம்," என்றார் மேரி.

"உந்தக் கதையை விடும்," என்று அவரைத் தடுத்த அந்தோனி அண்ணை, பிடியின் மற்றப் பாதியை இடக்கையால் என்னிடம் நீட்டினார். "பிடி வெடிச்சாலும் பூ அப்பிடியே கிடக்கு சேர், பாருங்கோ."

உண்மைதான். ஆறு இதழும் துரு நிறத்தில் நன்றாகப் பருத்திருந்தன. அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எனக்கு ஆறுதல் சொன்னதுதான் வெட்கமாக இருந்தது. பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றேன்.

"பிழை என்ரைதான் அண்ணை. நீங்கள் செம்பு எண்டு சொன்னனீங்கள்."

"ஓம்," என்றார் மேரி. "இனிமேல் பூக் குடுக்கிறதெண்டால் பூவாவே குடுங்கோ சேர். மாதாவுக்காவது வைக்கலாம்."

பிறகு செப்பாணி போட்டு இன்னொரு கத்தி செய்து கொடுத்தேன். மேரி நன்றி சொல்லி வாங்கி, அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

அந்தோனி அண்ணை திரும்பவும் தொழிலுக்குப் போகத் தொடங்கியதிலிருந்து, வாரத்தில் எங்களுக்கு மரக்கறி நாளான வெள்ளிக்கிழமை தவிர்ந்த ஏதாவதொரு நாளில் எங்களுக்கு மீன் கொண்டுவந்து தருகிறார். செதில் எடுத்து, குடல் நீக்கி, துண்டு துண்டாக வெட்டித்தான் வரும். "சேர் வீட்டில கத்தி கிடக்குதெண்ட பயத்தில மேரி வெட்டியே குடுத்து விட்டது," என்பார். என் மனைவி ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். மீன் பையை நீட்டும் அந்த வலக்கை இன்னும் முழுதாக மடங்குவதில்லை. பையை வாங்கும்போது மட்டும் நான் அவருடைய முகத்தைப் பார்ப்பதில்லை.