கூடத்தில் எழும்பிய மலையும் தங்கள் தங்கையும்

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இக்கடிதம் வருவதற்குள் தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டும். குறையவில்லையெனில் உட்கார்ந்து படிக்கவும். நான் சொல்ல வந்தவை நான்கு:

1. கூடத்துத் தரையில் மலை எழும்பியது என் குற்றமல்ல.
2. மலை அவசரப்பட்டு இறங்கும் பொருளல்ல; ஆதலால் அதை உடைக்க வேண்டாம் என்று நான் சொன்னது சரியே.
3. தங்கள் தங்கையை நான் மலை என்று சொல்லவில்லை.
4. தயவுசெய்து அவளை அனுப்பி வைக்கவும்.

முதலாவது. கூடத்துத் தரைக்கற்களை ஒட்டியவர் இடைவெளியே விடாமல் ஒட்டிவிட்டார். வெயிலில் கல் விரிந்தது, விரிய இடமில்லை, இருபுறமும் நெருக்க, நடுவில் இரண்டு கற்கள் கூடாரம்போல் படாரென்று எழும்பின. தங்கள் தங்கை வெடிகுண்டு என்று அலறினாள். நான் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஆமோதித்தேன். பெரிய மலைகளும் இப்படித்தான்: நிலத்தின் பெரும் பாளங்கள் நகம் வளரும் வேகத்தில் வந்து முட்டி, இடம் போதாமல் மடிந்து எழும்புகின்றன. வரைபட அலுவலகத்தில் ஆயுள் முழுக்க மலைகளுக்கு உயரக்கோடு போட்டவன் நான். ஏறியதென்னவோ மாடிப்படி மட்டும்தான். மலையே வீடு தேடி வந்தால் விடுவேனா? சுற்றிலும் சுண்ணக்கட்டியால் உயரக்கோடு வரைந்தேன். அவள் ஈரத்துணியால் துடைத்தாள். மறுபடி வரைந்தேன். மறுபடி துடைத்தாள். மழை மலையைக் கரைப்பதை அவ்வளவு அருகில் நான் பார்த்ததில்லை.

பிறகு கல் ஒட்டுபவர் வந்தார்.

“ரெண்டு கல்லைப் பேத்து, இடைவெளி விட்டு ஒட்டினா போதும் சார். அரை நாள் வேலை.”

“மலை தேயக் கோடிக்கணக்கான வருஷமாகும். நமக்கென்ன அவசரம்?” என்றேன்.

அவர் தங்கள் தங்கையைப் பார்த்தார். “நீங்க அப்புறமா வாங்கப்பா,” என்றாள் அவள். “மலை இவர் தலைக்கு ஏறிடுச்சு.”

அன்று பார்த்தா சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வர வேண்டும்? “மழை அரிச்சுக்கிட்டே இருந்தா மலையெல்லாம் இந்நேரம் காணாமப் போயிருக்கணுமே?” என்று சம்பந்தி கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. மலைக்குக் கீழே பாறை வேர்போல் ஆழமாக இறங்கியிருக்கிறது, அதைத் தாங்குவது சூட்டில் மிக மெல்ல நெகிழும் பாறை, மேலே அரிக்க அரிக்கப் பாரம் குறைந்து மொத்த மலையும் மெல்ல எழும்பும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. வாயைத் தைத்துக்கொண்டிருக்கலாம், உதாரணம் தேடினேன்.

“காலையில இவ எழுந்ததும் மெத்தை எழும்புதில்லையா, அது மாதிரி.”

சம்பந்தியம்மாவுக்குத் தேநீர் புரையேறியது. தங்கள் தங்கை சிரிக்கவில்லை.

“அப்போ நான் மலையா?”

“இல்லம்மா, மலைன்னு சொன்னது மெத்தையை. நீ வந்து... அது மேல இருக்கிற பாரம்.”

விளக்கியதுதான் தவறோ என்று இப்போது தோன்றுகிறது. “உங்க மலையையே கட்டிக்கிட்டு அழுங்க! எங்க அண்ணன் வீட்டுத் தரையாவது தட்டையா இருக்கும்,” என்று கிளம்பிவிட்டாள்.

அவள் போனபின் மெத்தையில் அவள் பக்கம் மெல்ல எழும்பிவிட்டது. என் உதாரணம் மெய்யாகிவிட்டதில் எனக்கு ஒரு மகிழ்ச்சியும் இல்லை. இத்தனை வருடமும் அந்தப் பள்ளத்தில் சரிந்து, அவள் முதுகில் சாய்ந்துதான் தூங்கியிருக்கிறேன் போலும். சமவெளியில் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். சொல்வதானால் நீங்களே யோசித்ததுபோல் சொல்லுங்கள்.

தங்கள் இல்லத்தார் யாவரும் நலமுடன், சமதளத்தில் வாழ வேண்டும்.

தங்கள் அன்புள்ள, சற்றே நடுங்கும்,
மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது வாசலில் வண்டி வந்து நின்றது. “அண்ணன் வீட்டுல திட்டுறதுக்கு ஆளே இல்ல. வாய் துருப்பிடிச்சுப் போச்சு,” என்றபடி தங்கள் தங்கை வந்தார். கையில் பெட்டி, கண் என்மேல், மலையை மறந்துவிட்டார். ஏறி நின்றார். டமார்! தரைமட்டம். இருவரும் குனிந்து பார்த்தோம். நிமிர்ந்தோம். “ஒரு வார்த்தை பேசினீங்க...” என்றார். உறையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். கடிதத்தைப் பிடுங்கிப் படித்தார். மெத்தை விஷயத்தை அடித்துவிடலாமென்று பேனாவை எடுத்தேன். “அது இருக்கட்டும்,” என்றார். ஆகவே நான்காவது குறிப்பு இனித் தேவையில்லை. இரண்டாவது குறிப்பு தவறு. எப்படித் தவறானது என்று கேட்டு எழுதிவிடாதீர்கள். தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறார்.